மாடித் தொட்டிக்கு மூன்று சென்சார்

என் மகள் கழுத்தில் தாலி ஏறியதை நான் பார்த்தேன். அவள் புகுந்த வீட்டுக்குப் புறப்பட்டதைப் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் மதுரை ஏர்போர்ட்டில் பெல்ட்டைக் கழற்றி ட்ரேயில் வைத்துக்கொண்டிருந்தேன். மறுநாள் விடியற்காலை நாலரைக்குச் செம்பூரில் மோட்டர் போட வேண்டுமே.

மோட்டர் என்றால் எங்கள் பேச்சியம்மன் ஹவுசிங் சொசைட்டியின் தண்ணீர் மோட்டர். ஐந்து மாடி, நாற்பது வீடு. பெரும்பாலும் மாட்டுங்கா லேபர் கேம்ப் குடிசைகளிலிருந்து கிளம்பி வந்த திருநெல்வேலி, தூத்துக்குடிக்காரர்கள். விடியற்காலை நாலரைக்கும் ஐந்தரைக்கும் நடுவில், அதற்கு மனம் வரும் நேரத்தில், ரோட்டுக் குழாயிலிருந்து தண்ணீர் வந்து கீழ்த் தொட்டியில் விழும். அதை மோட்டர் போட்டு மாடித் தொட்டிக்கு ஏற்ற வேண்டும். ஏறி முடியும்வரை பக்கத்திலேயே நின்று, நிறைந்ததும் அணைக்க வேண்டும். பதினோரு வருஷமாக இந்தக் காரியத்தைச் செய்பவன் சொசைட்டி செக்ரட்டரியாகிய நான், சுயம்பு. மற்ற நேரத்தில் ஸ்டேஷன் பக்கம் பாத்திரக் கடை வைத்திருக்கிறேன். பம்ப் ரூம் சாவி என் அரைஞாண் கயிற்றில் தொங்குகிறது. ஒருமுறை வாட்ச்மேனிடம் கொடுத்துப் பார்த்தேன். அவன் மோட்டரைப் போட்டுவிட்டுத் தூங்கிப்போனான், மாடிப்படியில் குற்றாலம் இறங்கியது. அதற்குப் பிறகு சாவியை யாரிடமும் கொடுத்ததில்லை. யாரும் கேட்டதும் இல்லை, அது வேறு விஷயம்.

கல்யாணம் முடிந்து ஒன்றரை வருஷம் கழித்து கோவில்பட்டியிலிருந்து போன் வந்தது. மகள் மாரீஸ்வரிக்கு ஏழாம் மாதம், வளைகாப்புக்கு நாள் குறித்தாயிற்று. என் மனைவி கனகவள்ளி என்னை ஒரு வார்த்தை கேட்காமல் இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டாள்.

"புதன்கிழமை நாகர்கோவில் வண்டி. தாதர்ல ஏறணும். இன்னும் மூணு வாரம் இருக்கு."

"மோட்டர்?" என்றேன்.

அவள் மடித்துக்கொண்டிருந்த சேலையைக் கீழே வைத்தாள். "கல்யாணத்தன்னைக்குப் பிள்ள கார்ல ஏறும்போது அப்பா எங்கன்னு கேட்டா. மோட்டர் போடப் போயிருக்காருன்னு சொன்னேன். சம்பந்தி வீட்டு ஆளுக இன்னைக்கு வரைக்கும் உங்கள எலக்ட்ரீசியன்னு நெனச்சிக்கிட்டு இருக்காவ. இந்தத் தடவையும் நீங்க வரலன்னா நான் அங்கனயே இருந்துக்கிடுதேன். நீங்க மோட்டரோட குடும்பம் நடத்துங்க."

கனகவள்ளி கோபத்தில் கத்தினால் பயப்பட ஒன்றுமில்லை. மெதுவாகப் பேசினால்தான் பயப்பட வேண்டும். அன்றைக்கு மெதுவாகத்தான் பேசினாள். எனக்கும் அந்தப் பிள்ளை காருக்குள்ளிருந்து திரும்பித் திரும்பிப் பார்த்திருப்பாள் என்ற நினைப்பு ஒன்றரை வருஷமாக உள்ளே உறுத்திக்கொண்டுதான் இருந்தது. வெளியே சொன்னதில்லை.

அன்றைக்கே லேபர் கேம்ப்பில் கடை வைத்திருக்கும் எலக்ட்ரீசியன் வேல்ராஜைக் கூப்பிட்டேன். நல்ல வேலைக்காரன். ஒரே குறை, வேலை செய்துகொண்டே அதை விளக்கியும் சொல்வான்.

"ஆட்டோமேட்டிக் போட்டுருவோம் அண்ணாச்சி. மாடி டாங்கில ஒரு சென்சார். தண்ணி பாதிக்குக் கீழ இறங்குச்சின்னா மோட்டர் தானா ஓடும், சாலு. நெறஞ்சதும் தானா நிக்கும், பந்த். நீங்க ஊர்ல போயி நிம்மதியா இருக்கலாம்."

"எந்த சென்சார்?"

"அதுலதான் மூணு வகை இருக்கு" என்று அவன் ஆரம்பிக்கும்போதே படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஐந்தாம் மாடி சந்திரமௌலி சார். அணுசக்தி நகர் பக்கம் அணு உலையில் முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்து ரிட்டயரானவர். எங்கே யார் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாலும் அவருக்கு எப்படியோ தெரிந்துவிடும்.

"பாருங்கோ சுயம்பு, முப்பத்தாறு வருஷம் நான் தண்ணி லெவல் பார்த்தவன். நான் பார்த்த தண்ணி ஒரு இன்ச் எறங்கினா டில்லிக்குப் போன் போகும். என்னைக் கேக்காம எதையும் மாட்டிடாதேள்."

அவர் சொன்னது அல்ட்ராசானிக். தொட்டியின் மூடியில் உட்கார்ந்துகொண்டு கீழே ஒலியை அனுப்பும், தண்ணீரில் பட்டு அது திரும்பிவரும் நேரத்தை வைத்து மட்டத்தைச் சொல்லும். தண்ணீரைத் தொடவே தொடாது. வேல்ராஜ் சொன்னது வயரில் கட்டித் தொங்கவிடும் மிதவை. தண்ணீரோடு மேலே போனால் அணைக்கும், கீழே வந்தால் போடும். நடுவில் மூன்றாவதாக எஃகுக் கம்பிகள், மூன்று உயரத்தில் மூன்று. தண்ணீர் தொட்டால் கரண்ட் பாயும், அதை வைத்துக் கண்டுபிடிக்கும்.

"மிதவைன்னா ஒரு பந்து" என்றார் சார். "சுயம்பு, நாப்பது குடும்பத்தோட தண்ணிய ஒரு பந்து கையில குடுக்கப் போறேளா?"

எனக்குப் பந்து புரிந்தது, மற்ற இரண்டும் புரியவில்லை. புரிந்ததையே மாட்டச் சொன்னேன். சார் படியேறிப் போகும்போது ஏதோ ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே போனார்.

மறுநாள் விடியற்காலை நான் பம்ப் ரூமுக்குள் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். யாரும் தொடாமல் மோட்டர் தானாக ஓடியது. ஆறே காலுக்குத் தானாக நின்றது. சந்தோஷமாகத்தான் இருந்தது. சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன், கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது.

பதினொரு மணிக்குக் கடைக்குப் போன் வந்தது. மூன்றாம் மாடி பூமாரி. வீட்டிலேயே இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குப் போடுகிறவள், ஆகவே கட்டடத்தில் தண்ணீருக்கு முதல் குரல் அவளுடையதுதான்.

"அண்ணாச்சி, பத்து மணிலருந்து மோட்டர் கத்திக்கிட்டே கெடக்கு. இப்பம் குழாயில காத்துதான் வருது."

ஓடி வந்து பார்த்தால் கீழ்த் தொட்டி காலி, மாடித் தொட்டியில் முழங்கால் அளவுகூட இல்லை. மோட்டர் வெறும் காற்றை இழுத்துக் கொதித்துக்கொண்டிருந்தது. மாடியில் மிதவை அடியில் படுத்துக் கிடந்தது.

"பந்து ஏணிக் கம்பியில மாட்டிக்கிடுச்சு" என்றேன்.

வேல்ராஜ் தலையைச் சொறிந்தான். "மாட்டல அண்ணாச்சி. தண்ணி ஏறல, அதான் பந்து ஏறல. தண்ணி ஏறாம பந்து மட்டும் எப்படி ஏறும்?"

"பந்துக்கு வக்காலத்து வாங்காத. கழத்து."

அவன் அன்றைக்கே உண்மையைச் சொல்லிவிட்டான். நான்தான் வாயை அடைத்தேன்.

அடுத்து எஃகுக் கம்பிகள் வந்தன. மூன்று நாள் அதே கதை. விடியற்காலை ஒழுங்காக ஓடி நிற்கும். பத்து மணிக்குத் தண்ணீர் பாதிக்கு இறங்கியதும் மறுபடி ஓட ஆரம்பிக்கும், பிறகு நிற்காது. கீழ்த் தொட்டி வற்றும்வரை ஓடும். கம்பியில் உப்புப் படிந்திருக்கும் என்று நான் சொன்னேன். மூன்று நாளில் உப்புப் படிய இது என்ன தூத்துக்குடி உப்பளமா என்று வேல்ராஜ் கேட்டான். நான்காம் நாள் மோட்டர் ஒரு மாதிரி இரைந்தது. செம்புக் கம்பிக் காயில் சுற்றுகிற கடைக்காரனிடம் காட்டலாம் என்று அந்தச் சத்தத்தைப் போனில் பதிவு செய்துகொண்டிருக்கும்போதே கருகல் வாடை வந்தது. பதிவு ஒரு நிமிஷம் இருபது வினாடியில் நிற்கிறது, ஏனென்றால் அப்போது மோட்டரும் நின்றுவிட்டது.

காயில் சுற்றி மோட்டரை மாட்டினோம். இனிமேல் கருகக் கூடாது என்று கீழ்த் தொட்டியிலும் ஒரு மிதவையைப் போட்டான் வேல்ராஜ், அங்கே வற்றினால் மோட்டர் நின்றுவிடும். ஆனால் மத்தியானத்துக்குள் கட்டடத்தில் தண்ணீர் தீர்ந்துபோவது மட்டும் மாறவில்லை. ஒரு சாயங்காலம் பூமாரி என்னைப் படியில் மறித்தாள்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்காதிய. முன்னால நீங்க ஒரு நேரம் தண்ணி விட்டிய, நாள் பூரா இருந்துச்சு. இப்பம் ஆட்டோமேட்டிக்ல ரெண்டு நேரம் வருது, மத்தியானத்துக்குள்ள டப்பா காலி. இது என்ன சிஸ்டம்?"

செக்ரட்டரிக்குப் பதில் தெரியவில்லை என்றால் குரலை உயர்த்த வேண்டும் என்பது பதினோரு வருஷ அனுபவம். "சென்சார் செட் ஆக டைம் எடுக்கும்" என்று உரக்கச் சொல்லிவிட்டுப் போனேன்.

புறப்பட ஒரு வாரம் இருக்கும்போது சந்திரமௌலி சாரிடம் சரணடைந்தேன். அவர் காத்துக்கொண்டுதான் இருந்தார். அல்ட்ராசானிக் வந்தது. மாடித் தொட்டி மூடியில் அதை மாட்டி, பம்ப் ரூமில் சிவப்பு எண் ஓடும் சின்னப் பெட்டியையும் வைத்தார்கள். தொட்டியில் நூற்றுக்கு எத்தனை பங்கு தண்ணீர் இருக்கிறது என்று அது சொல்லிக்கொண்டே இருக்கும். பத்து மணிக்கு நாங்கள் மூன்று பேரும் அதன் முன்னால் நின்றோம். ஐம்பது காட்டியது. மோட்டர் ஓட ஆரம்பித்தது. ஐம்பது, நாற்பத்தொன்பது, நாற்பத்தெட்டு.

"சார், மோட்டர் ஓட ஓடத் தண்ணி கொறையுது" என்றேன்.

சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். நாற்பத்தாறு. "சென்சார் பொய் சொல்லாது. லீக். பைப்ல எங்கேயோ பெரிய லீக்."

இரண்டு நாள் லீக்கைத் தேடினோம். வேல்ராஜ் ஒவ்வொரு பைப்பிலும் காதை வைத்துக் கேட்டான். நான் மாடித் தொட்டிக்குக் கீழே தவழ்ந்து சுற்றிவந்தேன். ஒரு ஈரம்கூட இல்லை. இரண்டாம் நாள் ஏணியில் இறங்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. லீக் கிடைக்கவில்லை, எனக்குக் கட்டில் கிடைத்தது.

சனிக்கிழமை காலை அப்படித்தான் நான் கட்டிலில் கிடந்தேன். புதன்கிழமைக்கு நான்கு நாள். அலமாரி பக்கத்தில் பெட்டி திறந்து கிடந்தது. ஒரு பக்கம் கனகவள்ளியின் சேலைகள், நடுவில் கண்ணாடி வளையல் டப்பாக்கள். மறுபக்கம் காலி. என் வேட்டி சட்டையை அவள் இன்னும் எடுத்து வைக்கவில்லை. நானும் ஏன் என்று கேட்கவில்லை. அவள் தரையில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

மணி பத்து. மோட்டர் ஓட ஆரம்பித்தது. எங்கள் பம்ப் ரூம் மாடிப்படிக்கு அடியில், ஆகவே சத்தம் படி வழியாக ஏறி எல்லா வீட்டுக்கும் போகும். எனக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. பதினோரு வருஷத்தில் மோட்டர் ஓடும் நேரத்தில் நான் வீட்டுக்குள் இருந்ததே இல்லை. அது ஓடினால் நான் அதன் பக்கத்தில் நின்றிருப்பேன்.

கனகவள்ளி எழுந்தாள். அவசரமில்லை, யோசனையும் இல்லை. பாதி நறுக்கிய வெண்டைக்காய் கையிலேயே இருந்தது. நேரே போய் நீல ட்ரம்மின் மூடியைத் திறந்து, அப்படியே சாய்த்தாள். குளியலறையில் தண்ணீர் இரைந்து ஓடியது. அடுத்து குடம், அண்டா, இரண்டு பக்கெட். எல்லாவற்றையும் கவிழ்த்துவிட்டு வீட்டிலிருந்த மூன்று குழாய்களையும் திறந்துவிட்டாள்.

"என்ன செய்யுத?" என்றேன்.

"தண்ணி பிடிக்கேன்."

"அந்த ட்ரம்ல என்ன இருந்துச்சு?"

"தண்ணி."

"அத ஏன் கொட்டின?"

அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். இடுப்போடு மூளையும் பிடித்துக்கொண்டதோ என்று நினைத்திருப்பாள். "அது காலைத் தண்ணிலா. இப்பம் புதுத் தண்ணி வருது. யாராவது பழச வச்சிக்கிட்டு இருப்பாவளா?"

"காலைல பிடிச்சது பத்து மணிக்குப் பழசா?"

"மோட்டர் போட்டாச்சின்னா பழசுதான்."

நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டே கதவைத் திறந்து படியேறினேன். எல்லாக் கதவும் திறந்துதான் இருந்தது. முதல் மாடியில் எட்டு வீட்டிலும் தண்ணீர் கொட்டும் சத்தம். இரண்டாம் மாடியில் ஒரு பெண் கீழே குனிந்து "மோட்டர் சாலு, மோட்டர் சாலு" என்று பக்கத்து வீட்டுக்குத் தகவல் சொன்னாள். மூன்றாம் மாடியில் பூமாரி ஆறு ட்ரம்மை வரிசையாகக் கவிழ்த்து, ரப்பர் குழாயை ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "அண்ணாச்சி, சீக்கிரம் உங்க வீட்லயும் பிடிக்கச் சொல்லுங்க, எப்பம் நிக்கும்னு தெரியாது" என்றாள். ஐந்தாம் மாடியில் சந்திரமௌலி சார் பேன்ட்டை முழங்கால்வரை மடித்துவிட்டு பக்கெட்டுக்கு முன்னால் குனிந்து நின்றார்.

"சார், நீங்களுமா?"

அவர் நிமிர்ந்தார். முப்பத்தாறு வருஷ அனுபவம் முகத்தில் ஒரு நிமிஷம் தடுமாறியது. "சத்தம் கேட்டுதே ஓய். கை தானா..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டு, கையிலிருந்த குழாயையும் தரையில் ஓடிய பழைய தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்தார். "அடடா" என்றார். பிறகு அவரே குழாயை மூடினார்.

நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மூன்று சென்சாரும் நிரபராதிகள். நான் மோட்டர் போட்ட காலத்தில் ஒரு நாளைக்கு ஒரே தடவை சத்தம் கேட்கும், ஒரே தடவை கொட்டிப் பிடிப்பார்கள். ஆட்டோமேட்டிக் வந்ததும் சத்தம் இரண்டு தடவை கேட்டது, இரண்டு தடவை கொட்டினார்கள். மோட்டர் ஏற்றுகிற தண்ணீர் எல்லாம் அதே நேரத்தில் நாற்பது வீட்டுச் சாக்கடை வழியாக இறங்கிக்கொண்டிருந்தால் எந்தப் பந்து மிதக்கும்? மாடித் தொட்டிக்கு ஒரு சென்சார் வைக்க நாங்கள் மாய்ந்து மாய்ந்து சண்டை போட்டோம். கட்டடத்தில் ஏற்கெனவே நாற்பது வீட்டில் நாற்பது சென்சார் பழுதில்லாமல் வேலை செய்துகொண்டிருந்தன. அவை தண்ணீரைப் பார்ப்பதில்லை, மோட்டரைக் கேட்கின்றன. லேபர் கேம்ப் பொதுக்குழாயில் வரிசையில் நின்ற காலத்தில் பொருத்தியவை, இனி யாராலும் கழற்ற முடியாது.

கழற்றிப் பார்க்கத்தான் முயன்றேன். ஞாயிற்றுக்கிழமை ஜெனரல் பாடி மீட்டிங் போட்டேன். பழைய தண்ணீரைக் கொட்டக் கூடாது என்று எல்லோரும் கையைத் தூக்கினார்கள். தான் கொட்டுவதில்லை என்றும் அடுத்த வீட்டில்தான் கொட்டுகிறார்கள் என்றும் நாற்பது வீடும் சொன்னது. திங்கட்கிழமை பத்து மணிக்கு மோட்டர் ஓடியதும் அதே இரைச்சல். என் வீட்டிலேயே.

"நேத்து நீயும்தான கையத் தூக்கின?" என்றேன்.

கனகவள்ளிக்கு முதல் தடவையாக முகம் சுண்டியது. காலியான ட்ரம்மைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "தூக்கினேன். சத்தம் கேட்டா கை போயிருதுங்க. நான் என்ன செய்ய? நீங்க ஊருக்கு வரணும்னு நெனச்சிக்கிட்டேதான் கொட்டுதேன்." குரல் உடைந்தது. "அந்தச் சனியன் பிடிச்ச சத்தம் கேக்கலன்னா எனக்குத் தண்ணி ஞாபகமே வரப் போறதில்ல."

உடனே வேல்ராஜுக்குப் போன் போட்டேன். "ஏலே, சத்தம் இல்லாத மோட்டர் இருக்கா?"

"தண்ணிக்குள்ள முங்கிக் கெடக்குற மோட்டர் இருக்கு அண்ணாச்சி. பக்கத்துல நின்னாலும் கேக்காது."

"கொண்டா. சாயங்காலத்துக்குள்ள மாட்டு."

"சென்சார் எது வைக்க?"

"பந்த வை" என்றேன். பந்திடம் நான் ஒரு மன்னிப்பும் பாக்கி வைத்திருந்தேன். சந்திரமௌலி சாரும் மறுக்கவில்லை. சிவப்பு எண் பெட்டியை மட்டும் தன் வீட்டு ஹாலில் மாட்டிக்கொள்ள அனுமதி கேட்டார், கொடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை விடியற்காலை கீழ்த் தொட்டிக்குள் முங்கிக் கிடந்த மோட்டர் தன்பாட்டுக்கு ஓடி, தன்பாட்டுக்கு நின்றது. மாடித் தொட்டி நிரம்பி வழியத் தயாராக இருந்தது. வேல்ராஜும் நானும் பம்ப் ரூமுக்குள் கைகுலுக்கிக்கொண்டோம். கதவைத் திறந்தால் படி முழுக்க ஆட்கள். கையில் குடங்கள். முன்னால் பூமாரி.

"அண்ணாச்சி, இன்னைக்கு மோட்டரே போடலியே?"

"போட்டாச்சு. டாங்கி நெறஞ்சு கெடக்கு. குழாயத் தொறந்து பாரு."

"தொறந்தேன். வருது."

"பெறகு என்ன?"

"மோட்டர் ஓடாம வருதுன்னா அது நேத்துத் தண்ணிதான? அதப் பிடிச்சு மாவு ஆட்டச் சொல்லுதியளா?"

பின்னால் நின்ற எல்லோரும் தலையை ஆட்டினார்கள். புது மோட்டரைப் பற்றி எடுத்துச் சொன்னேன். கேட்காத மோட்டரை யாரும் நம்பவில்லை. பக்கத்து சொசைட்டிக்குக் குடத்தோடு கிளம்ப இரண்டு பேர் தயாரானார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் பழைய மோட்டரையே எடுத்து வந்து எல்லோர் முன்னாலும் ஓட்டிக் காட்டலாமா என்று தோன்றியது. அப்போதுதான் போனிலிருந்த அந்தப் பதிவு நினைவுக்கு வந்தது.

நவராத்திரிக்குக் கட்டும் ஸ்பீக்கர் பம்ப் ரூம் பரணில் கிடந்தது. வேல்ராஜ் அதை மாடிப்படிக்கு அடியில் மறைவாக வைத்து, பதிவைப் பென் டிரைவில் ஏற்றித் திரும்பத் திரும்ப அரை மணி நேரம் ஓடும்படி செய்து, காலை ஆறு மணிக்கு டைமரும் வைத்துவிட்டான். விஷயம் தெரிந்தவர்கள் நான்கு பேர், வேல்ராஜ், சார், நான், கனகவள்ளி. புதன்கிழமை ஆறு மணிக்குப் பழைய மோட்டர், கருகிப்போவதற்கு முந்திய தன் கடைசிக் குரலில், கட்டடம் முழுக்க இரைந்தது. நாற்பது வீட்டிலும் கொட்டினார்கள், பிடித்தார்கள். ஆறரைக்குச் சத்தம் நின்றது, குழாய்கள் மூடின. அதற்குப் பிறகு உண்மையான மோட்டர் இரண்டு தடவை ஓடியது யாருக்கும் தெரியாது. மத்தியானம் சார் வீட்டுப் பெட்டியில் எழுபத்தெட்டு காட்டியது.

கொட்டும்போது கனகவள்ளியும் கொட்டினாள். "அது ரெக்கார்டு, உனக்குத் தெரியும்லா?" என்றேன். "தெரியும்" என்றாள், ட்ரம்மைக் கழுவிக்கொண்டே. பிறகு கையைத் துடைத்துக்கொண்டு போய் என் வேட்டி சட்டையை எடுத்துப் பெட்டியின் காலிப் பக்கத்தில் வைத்தாள்.

பம்ப் ரூம் சாவியை வேல்ராஜிடம் கொடுத்தேன். அரைஞாண் கயிறு லேசாக இருந்தது. தாதரில் வண்டி ஏறிய பிறகும் இரண்டு மூன்று தடவை இடுப்பைத் தடவிப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கோவில்பட்டியில் வளைகாப்பு. மாரீஸ்வரி பட்டுச்சேலையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் சந்தனம், முழங்கைவரை வளையல். சம்பந்தி வீட்டு அம்மா ஒருத்தி தன் வீட்டு வயரிங்கில் ஏதோ கோளாறு என்று என்னிடம் யோசனை கேட்டாள். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கனகவள்ளி சந்தனக் கிண்ணத்தோடு மகளுக்குப் பக்கத்தில் நின்றாள். அப்போது அவளுடைய போன் அடித்தது. கை ஒழியாததால் நான் எடுத்தேன். பூமாரி.

"அண்ணாச்சி, காலைலருந்து மோட்டர் ஓடல. மணி பத்தாவுது. ஒரு சொட்டுத் தண்ணி பிடிக்கல."

யாரோ ஸ்பீக்கர் ப்ளக்கை உருவியிருக்க வேண்டும். வேல்ராஜ் போன் போட்டால் எடுக்கமாட்டான், ஞாயிற்றுக்கிழமை. "குழாயில வருதா?" என்று கேட்டேன்.

"வருது. ஆனா மோட்டர் ஓடலியே."

எவ்வளவோ பேசலாம். பேசிப் பயனில்லை என்பதை அனுபவத்தில் கண்டாயிற்று. "சரி. ஆட்டோமேட்டிக்லா, நான் இங்கனருந்தே போடுதேன். உன் போன ஸ்பீக்கர்ல போட்டு மாடிப்படில பிடி" என்றேன்.

என் போனை எடுத்துப் பதிவைத் தட்டி, முழுச் சத்தத்தில் கனகவள்ளியின் போனுக்குப் பக்கத்தில் வைத்தேன். கோவில்பட்டி வளைகாப்பு வீட்டு ஹாலில் செம்பூர் மோட்டர் இரைந்தது. அந்தப் பக்கம் பூமாரி "சாலு ஆயிருச்சு" என்று கத்துவதும், கதவுகள் திறப்பதும், தண்ணீர் கொட்டுவதும் கேட்டது. "வந்துருச்சு அண்ணாச்சி, கொஞ்ச நேரம் ஓட விடுங்க" என்று சொல்லிவிட்டு அவள் ட்ரம்மைப் பார்க்க ஓடினாள். இந்தப் பக்கம் கனகவள்ளி சந்தனக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, சபை நடுவில் இருந்த பித்தளைக் குடத்தைத் தூக்கிவிட்டாள். மஞ்சள் தண்ணீரை எங்கே கொட்டுவது என்று சுற்றுமுற்றும் பார்த்தாள். சம்பந்தி வீட்டார் வாயைப் பிளந்தார்கள்.

மாரீஸ்வரி சிரித்தாள். வளையல் எல்லாம் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே என்னைத் தேடினாள், கண்டுபிடித்ததும் சிரிப்பு நின்றது.

"அப்பா" என்றாள். "மோட்டர் ஓடுது. நீங்க இங்க நிக்கிய."

"ஆமா பிள்ள."

"ஸ்கூலுக்குப் போற காலத்துலருந்து இந்தச் சத்தம் கேட்டா நீங்க வீட்ல இருக்க மாட்டிய. கார்ல ஏறும்போதும் காதுக்குள்ள இதுதான் ஓடுச்சு." அவள் கண் கலங்கியது. சந்தனக் கையால் துடைக்கப் போனவளைக் கனகவள்ளி குடத்தைக் கீழே வைத்துவிட்டுத் தடுத்தாள்.

சொல்ல வெட்கமில்லை, அழுதேன். ஒரு கையில் ஒரு போனும் மறு கையில் ஒரு போனுமாக இருந்ததால் துடைக்கவும் முடியவில்லை. பதிவு ஒரு நிமிஷம் இருபது வினாடியில் முடிந்தது. மறுபடியும் தட்டினேன். செம்பூரில் நாற்பது வீட்டு ட்ரம்மும் நிறைய இன்னும் அரை மணி நேரம் ஆகும். மகள் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.